கரீபியனில் ஒரு குளிர்ப் பள்ளத்தாக்கு

கரீபியன் தீவு என்றதும் கடற்கரையும் தென்னையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் டொமினிகன் குடியரசின் கான்ஸ்டான்சாவுக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப்போவது நல்லது! கடல் மட்டத்திலிருந்து சுமார் 1200 மீட்டர் உயரம். சுற்றிலும் பைன் மரம் அடர்ந்த மலைகள், நடுவே தட்டையான வளமான நிலம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், ஸ்ட்ராபெரி, பூக்கள் எல்லாம் விளைகின்றன. 1950களில் சர்வாதிகாரி ட்ருஹியோ ஆட்சியில் ஜப்பானிய விவசாயக் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. வந்தவர்கள் காய்கறிச் சாகுபடியில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தெற்கே இன்னும் மேலே ஏறினால் வாயே நுவேவோ மேட்டுநிலம். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் அங்கே புல்மேல் உறைபனி படிவதுண்டு. அதைப் பார்க்கவே கீழேயிருந்து ஜனங்கள் கம்பளியோடு மலையேறி வருகிறார்கள்.