கடல் கடந்தோர் கைப்பொருள்

1884ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்பு நகரில் ஒரு வங்கியின் கதவுகள் மூடப்பட்டன. ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் என்பது அதன் பெயர். கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங் கடன் கொடுத்திருந்த அவ்வங்கி, இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தபொழுது தானும் தளர்ந்து வீழ்ந்தது. அவ்வங்கி வெளியிட்ட நாணயத் தாள்களைக் கையில் வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். அக்காலத்திலே தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்து, நேரவிருந்த பெருங் கலக்கத்தைத் தவிர்த்தார். ஆனால் அப்பொறுப்பு நாணயத் தாள்களுக்கே உரியது. வங்கியிலே வைப்பாகக் கிடந்த பணத்துக்கு அன்று.

பிறந்த நாட்டை விட்டு வந்து இத்தீவிலே பொருளீட்டிய பிரித்தானியத் தோட்டத் துரைமாருக்கும் வர்த்தகருக்கும் அந்நிகழ்ச்சி ஒரு பாடத்தைப் புகட்டிற்று. பணம் எந்த வங்கியில் இருக்கின்றது என்பதை அறிந்தால் மட்டும் போதாது. அவ்வங்கி வீழ்ந்தால் எந்தச் சட்டம் கைகொடுக்கும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அப்பாடம்.

துரைமாரின் காலம் போயிற்று. எனினும் பிரித்தானியர் கடல் கடந்து வாழும் வழக்கம் நின்றுவிடவில்லை. இளைப்பாறிய ஆசிரியர் ஸ்பானியக் கடற்கரையிலே வீடு வாங்கிக் குடியேறுகின்றார். பொறியியலாளர் டுபாயிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்த வேலை செய்கின்றார். பிள்ளைகளைத் தேடி அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போகும் முதியோரும் உளர். இவர்கள் யாவருக்கும் பொதுவான கேள்விகள் மூன்று. பணத்தை எங்கே வைப்பது? அதற்குக் காப்பு யாது? அதனை எந்த நாணயத்திலே செலவு செய்வது?

முதலில் தாய்நாட்டு வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவிலே விலாசம் இல்லாத ஒருவர் அங்கே புதிதாகச் சாதாரணக் கணக்குத் திறப்பது எளிதன்று. ஆதலாற் புறப்படுமுன்னரே கணக்கை ஒழுங்கு செய்துகொள்வது நன்று. சிலர் உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாதிருப்பர். அது பிற்காலத்தில் இடர் விளைக்கும். வெளிநாட்டில் வசிப்பதை வங்கிக்கு உள்ளபடி அறிவித்து, கணக்கை வைத்திருக்கலாமா என்று கேட்டறிவதே முறை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியபின், இடைக்கால ஏற்பாடு 2020 டிசெம்பர் 31ஆந் திகதி முடிவடைந்தது. ஒரு நாட்டில் பெற்ற அனுமதியைக் கொண்டு மற்றை நாடுகளிலும் வங்கித் தொழில் நடத்தும் உரிமை அத்துடன் நீங்கிற்று. அதன் விளைவாக, ஐரோப்பாவிலே வாழும் வாடிக்கையாளர் சிலருடைய கணக்குகளைச் சில வங்கிகள் மூடிவிட்டன. பல்லாண்டு பழகிய வங்கியிலிருந்து அத்தகைய கடிதத்தைப் பெற்ற முதியவரின் தவிப்பை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது அரசாங்கச் சேமிப்பு. 1861ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி தோன்றிற்று. அதனைப் பின்பற்றி இலங்கையிலும் 1885இல் அத்தகைய வங்கியொன்று ஆரம்பமாயிற்று. பிரித்தானிய வங்கியின் வழிவந்ததே இன்றைய தேசிய சேமிப்பு முதலீட்டு நிறுவனம். அதில் இடும் பணம் முழுவதற்கும் திறைசேரியே பொறுப்பு. 1956ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதி அமைச்சராயிருந்த ஹரோல்ட் மக்மில்லன் அறிமுகஞ் செய்த பிறீமியம் பொண்ட் என்னும் பத்திரமும் அந்நிறுவனத்துக்கே உரியது. 1957 யூன் முதலாந் திகதி அதன் முதற் சீட்டிழுப்பு நடைபெற்றது. இப்பத்திரத்துக்கு வட்டியில்லை, வட்டியாக வரக்கூடிய தொகை பரிசாகப் பகிரப்படுகின்றது. முதல் குறையாது. ஒருவர் 50,000 பவுண் வரை வைத்திருக்கலாம். வெளிநாட்டில் வாழ்வோர் இவற்றை வாங்குவதற்குத் தம் பெயரிலே பிரித்தானிய வங்கிக் கணக்கு இருத்தல் வேண்டும். வாழும் நாட்டுச் சட்டமும் இடந்தருதல் வேண்டும். அமெரிக்காவிலே வாழ்வோர்க்கு அவ்வாய்ப்பில்லை.

1999இல் ஏற்பட்ட தனியாள் சேமிப்புக் கணக்கு மற்றொரு வகை. பிரித்தானியாவில் வதிவோர் ஓராண்டில் 20,000 பவுண் வரை அதில் இட்டு, வரும் ஊதியத்துக்கு வரியின்றிச் சேமிக்கலாம். நாட்டைவிட்டு வெளியேறியவர், அரச பணியாளர் முதலிய சிலர் தவிர, புதிதாகப் பணம் இட முடியாது. முன்னர் இட்ட பணம் அங்கேயே இருக்கலாம். பிரித்தானிய வரியும் அதற்கில்லை. ஆனால் அச்சலுகையை வேறொரு நாடு மதிக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரித்தானியாவில் வரியற்ற வருமானம், குடியிருக்கும் நாட்டிலே வரிக்குரியதாகலாம். இதனை அறியாது இடர்ப்பட்டோர் பலர்.

இனி, தீவுகளின் வங்கிகளைக் காண்போம். ஜேர்சி, கேர்ன்சி, மான் தீவு என்னும் மூன்றும் பிரித்தானிய முடிக்கு உட்பட்டவை. ஆயினும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் அல்ல; சட்டமன்றமும் வரிமுறையும் அவற்றுக்குத் தனித்தனியே உண்டு. வெளிநாட்டில் வாழும் பிரித்தானியரின் கணக்குகளை விரும்பி ஏற்கும் வங்கிகள் அங்கே பலவுள. பவுண், டொலர், யூரோ ஆகிய நாணயங்களிற் கணக்கு வைக்கும் வசதியும் உண்டு. குறைந்தபட்ச இருப்பாகப் பெருந் தொகையை அவை கேட்பதுண்டு.

ஆனால் 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை மறத்தலாகாது. ஐஸ்லாந்தின் பெருவங்கிகள் அம்மாதம் சரிந்தன. அவற்றுள் ஒன்றன் கிளையிலே பிரித்தானியாவில் இணையவழிச் சேமித்த பொதுமக்களுக்கு, அவர்களின் வைப்பு முழுவதையும் பிரித்தானிய அரசாங்கம் ஈடுசெய்தது. மான் தீவிலிருந்த கௌப்திங் சிங்கர் அன்ட் பிரீட்லாண்டர் வங்கியிற் பணம் வைத்தோருக்கு அந்நற்பேறு கிட்டவில்லை. அவ்வங்கியின் பணத்திற் பெரும் பங்கு இலண்டனிலிருந்த உறவு நிறுவனத்திலே சிக்கிக்கொண்டது. கடல் கடந்து உழைத்தோரின் ஆயுட்காலச் சேமிப்பும், வீடு விற்ற பணமும் அதில் இருந்தன. ஒரே நாளிற் கணக்குகள் முடங்கின. பணம் தவணை தவணையாக மீளப் பல்லாண்டுகள் சென்றன. கேர்ன்சியிலோ அவ்வேளையில் வைப்பாளருக்கு இழப்பீட்டுத் திட்டமே இருக்கவில்லை. அவ்வாண்டு இறுதியிலேதான் அஃது ஏற்படுத்தப்பட்டது.

ஐக்கிய இராச்சியத்திலே உரிமம் பெற்ற வங்கி வீழ்ந்தால், 2025 டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் ஆளொருவருக்கு 120,000 பவுண் வரை இழப்பீடு உண்டு. வைப்பாளர் எந்நாட்டில் வாழ்கின்றார் என்பது அங்கே கேள்வியன்று. தீவுகளின் வங்கிகளுக்கு அத்திட்டம் பொருந்தாது. அவ்வத் தீவின் திட்டமும் வரம்புமே பொருந்தும். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இயங்கும் இரு கிளைகளுக்கு இரு வேறு காப்புகள் இருத்தல் கூடும். ஆகையாற் பெயரைப் பார்த்து மயங்காது, ஒப்பந்தத்தில் எந்த நிறுவனம் கையொப்பமிடுகின்றது என்பதைப் பார்த்தல் அவசியம்.

தீவிலே வைத்த பணம் வரி அதிகாரியின் கண்ணுக்கு எட்டாது என்ற எண்ணம் பழங்கதையாயிற்று. 2017ஆம் ஆண்டு முதல் பல நாடுகள் கணக்கு விபரங்களைத் தம்முள் ஆண்டுதோறும் பரிமாறி வருகின்றன. இம்மூன்று தீவுகளும் அவ்வேற்பாட்டில் உள்ளன.

மத்திய கிழக்கிலே வேலை செய்வோரின் நிலை வேறு. ஐக்கிய அரபு இராச்சியத்திலே சம்பளத்துக்கு வருமான வரியில்லை. எனினும் வெளிநாட்டு ஊழியருக்கு உபகாரச் சம்பளமும் இல்லை. தனியார் துறையில் பொதுவான சட்டப்படி, முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளமும், அதன்மேல் ஆண்டொன்றுக்கு 30 நாட் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். முதுமைக்கு அது போதாது. இவ்வச்சத்தை அறிந்த முகவர்கள், மாதந்தோறும் பணங் கட்டும் நீண்டகாலச் சேமிப்புத் திட்டங்களுடன் அணுகுவர். இருபது, இருபத்தைந்து ஆண்டுத் திட்டங்கள் அவை. முற்பகுதியிற் கட்டும் பணத்திலே பெரும்பகுதி தரகுக்கும் கட்டணத்துக்கும் போய்விடுவதுண்டு. இடையில் வேலை போய், திட்டத்தை முறித்தால் கட்டியதிலும் குறைந்த தொகையே திரும்பும். ஒப்பந்த வேலை இரண்டாண்டு. சேமிப்பு ஒப்பந்தமோ இருபத்தைந்தாண்டு! இப்பொருத்தமின்மையை எண்ணிப்பார்த்தாலே பாதி இழப்பைத் தவிர்க்கலாம்.

அரசாங்க உபகாரச் சம்பளத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பிரித்தானிய முதியோர் சம்பளத்தை எந்நாட்டிலும் பெறலாம். ஆனால் ஆண்டுதோறும் அதற்கு வழங்கும் உயர்வு, ஐரோப்பிய நாடுகளிலும், அமெரிக்கா போன்ற, உடன்பாடுள்ள நாடுகளிலும் வாழ்வோருக்கே உண்டு. 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் முழு அடிப்படைச் சம்பளம் வாரத்துக்கு 67 பவுண் 50 பென்ஸ். அவ்வாண்டில் இளைப்பாறி நயாகரா அருவியின் அமெரிக்கக் கரையில் வாழ்பவர், 2025ஆம் ஆண்டிலே 176 பவுண் 45 பென்ஸ் பெற்றார். எதிரே கனடாக் கரையில் வாழ்பவர் பெற்றது அதே 67 பவுண் 50 பென்ஸ். இருவரும் கட்டிய சந்தா ஒன்றே. இது பாகுபாடு என்று தொடுத்த வழக்கை 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கவில்லை.

நாணயமாற்றின் ஏற்றத்தாழ்வும் சிறிதன்று. 1967 நவம்பரில் ஒரு பவுணின் பெறுமதி 2.80 டொலரிலிருந்து 2.40 டொலராக ஓரிரவிற் குறைக்கப்பட்டது. வருவாய் பவுணிலும் செலவு வேறு நாணயத்திலும் உள்ளவர், ஓராண்டுச் செலவுக்குரிய பணத்தையேனும் தாம் வாழும் நாட்டு நாணயத்திற் சேர்த்து வைத்தல் தக்கது.

இவை பிரித்தானியருக்கு மட்டும் உரிய செய்திகள் என்று இலங்கை நேயர்கள் எண்ணிவிடலாகாது. ஆண்டு பலவாய் இங்கிலாந்தில் உழைத்து, முதுமையிலே யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ திரும்புவோருக்கும் இவ்விதிகளே பொருந்தும். ஆண்டு உயர்வுக்கான உடன்பாடுள்ள நாடுகளின் வரிசையில் இலங்கை இல்லை. திரும்பும் நாளிற் பெறும் தொகையே பின்னரும் தொடரும். விலைவாசியோ அவ்வாறு நிற்பதன்று. ஆதலின் அக்குறையை நிரப்பத்தக்க வேறு சேமிப்பைத் திரும்புமுன்னரே தேடிக்கொள்ளல் வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பெரியோர் வழக்கு. கடலுக்கு அப்பாலே போடும் பணத்தை அளந்தாற் போதாது. அதற்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டும் போடுதல் வேண்டும்.