கை நீட்டாத ஆசிரியர்



பட்டம் பெறும் மான்டிசோரி ஆசிரியர்களே, மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பயிற்சியா, அதற்கு ஒரு பட்டமா என்று கேட்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிமார்கள் ஏழெட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய ஊர்தான் இது. அன்பும் பொறுமையும் இருந்தால் போதாதா? போதாது என்பதே என் வாதம். அன்புள்ள பெரியவர் யாராக இருந்தாலும், பிள்ளை தடுமாறினால் உடனே கை நீட்டுவார். பொத்தானைப் போட்டுவிடுவார், சிந்திய தண்ணீரைத் துடைத்துவிடுவார், விடையையும் சொல்லிவிடுவார். அந்தக் கையை எப்போது நீட்டுவது, எப்போது மடியில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் நீங்கள் இத்தனை மாதமும் படித்தீர்கள். அது தானாக வராது, பழகித்தான் வரும்.

உங்கள் கைக்குப் பழகிப்போன உருளைக் கட்டையையே எடுத்துக்கொள்வோம். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றுக்கு அளவெடுத்த பத்து உருளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ். சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஒரு பெரிய உருளை போக இடமில்லாமல் மிஞ்சும். தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். மிஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை விழிக்கிறதே, அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அந்தக் கட்டையைச் செய்தார்கள். பக்கத்தில் இருப்பவர் ‘அங்கே போடும்மா’ என்று விரலைக் காட்டிய கணத்தில் அது வெறும் மரச்சாமானாகிவிடுகிறது. விலை கொடுத்து எல்லாக் கருவிகளையும் வாங்கி அடுக்கிய பள்ளிகள் சிலவற்றில் பலன் தெரியாததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி இதை அறிந்தவர். 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், பிரம்ம ஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்தார். நம் புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணத் தூரம். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்ல, ஏறத்தாழ 300 பேர் பயின்றார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மாரியோவைச் சில மாதம் அடைத்துவைத்தது ஆங்கில அரசு. சில மாதங்களுக்கென்று வந்த மரியா 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் கொழும்பிலும்கூட அவருடைய பணி தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் அவர் தம் நேரத்தில் பெரும்பகுதியை ஆசிரியர்களை உருவாக்கவே செலவிட்டார் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரிலும் 1943-ல்தான் அரவிந்தர் ஆசிரமப் பிள்ளைகளுக்காக ஸ்ரீ அன்னை பள்ளி தொடங்கினார். வழி வேறு, பிள்ளையின் வளர்ச்சிக்கு ஆசிரியர் வழிவிட வேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

சரி, மான்டிசோரி முறையால் பலன் உண்டா? பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் நன்றாகத்தான் படிப்பார்கள் என்பார்கள். உண்மை. அதனால்தான் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் நான் பொருட்படுத்துகிறேன். அமெரிக்காவில் 24 அரசுப் பள்ளிகளில் 588 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2025-ல் வெளியான ஆய்வு, வாசிப்பிலும் நினைவாற்றலிலும் தன்னை அடக்கி வேலை செய்யும் திறனிலும் மான்டிசோரிப் பிள்ளைகள் முந்தியதாகச் சொல்கிறது, செலவும் குறைவுதானாம். பிரான்சில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசு மழலையர் பள்ளியொன்றில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வோ இவ்வளவு தாராளமாக இல்லை. வாசிப்பில் ஆதாயம் தெரிந்தது; கணக்கிலும் பழகும் பண்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அற்புதம் நடக்கும் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இது வசதி படைத்தவர்களின் கல்வி என்ற குறை எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 1907 ஜனவரி 6 அன்று மான்டிசோரியின் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில். ஐம்பது பிள்ளைகள், கவனித்துக்கொள்ள அந்தக் கட்டடக் காவல்காரரின் மகள். ‘அவர் எந்தப் பயிற்சிக் கல்லூரியில் படித்தார்?’ என்று நீங்கள் என்னை மடக்கலாம். படிக்கவில்லை. அதட்டி உட்காரவைக்கும் பழைய வாத்தியார் பழக்கம் அவரிடம் இல்லாததே மருத்துவரான மான்டிசோரிக்கு வசதியாயிற்று. நமக்கோ அந்தப் பழக்கம் எல்.கே.ஜி.யிலேயே ஏறிவிடுகிறது, அதை இறக்கவே பாதிப் பயிற்சி போய்விடுகிறது. மான்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடுக்க ஆள் இல்லை. பெயர்ப்பலகைக்குக் கீழே பிள்ளைகள் கை கட்டி ‘ஏ ஃபார் ஆப்பிள்’ ஒப்பிக்கும் பள்ளிகளை நம் ஊர்ப் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் பார்க்கலாம், அந்தப் பக்கமும் பார்க்கலாம். 1975 முதல் நாட்டில் இயங்கிவரும் அங்கன்வாடிகளில் அந்தப் பலகை இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களில் சிலராவது அங்கே போக வேண்டும்.

போனால் ஒரு வேலை காத்திருக்கிறது. வெட்டிய எழுத்துகளை எடுத்துப் பிள்ளைகள் சொல் அடுக்கும் நகரும் எழுத்துப் பெட்டி 26 எழுத்துக்காரர்களுக்குச் சுலபம். நமக்கு 247. அத்தனையும் தனித்தனியே வெட்டினால் பெட்டி கொள்ளாது. குறிகளைப் பிரித்து வெட்டலாமென்றால் உகர, ஊகார எழுத்துகள் 36 பிரிய மறுக்கும். ‘கொக்கு’ என்ற சொல்லை அடுக்கச் சொல்லிப் பாருங்கள். காதில் முதலில் விழுவது க். கண்ணுக்கு முதலில் தெரிவதோ கொம்பு. பிறகு ஒரு கால், ஒரு புள்ளி, கடைசியில் பிரிக்க முடியாத கு. எங்கே பிள்ளையின் கை தயங்குகிறது, எந்தத் துண்டைத் தேடுகிறது என்பதை ரோமில் இருந்தவர் சொல்லியிருக்க முடியாது. குருசுக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ பாயோரம் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்த்து, தேதி போட்டுக் குறித்துவைப்பவர்தான் சொல்ல முடியும். ஓராண்டுக் குறிப்பு சேர்ந்ததும் ஒருவர் நோட்டை இன்னொருவர் வாங்கிப் பாருங்கள். தமிழ்ப் பெட்டிக்கு எத்தனை அறை வேண்டும் என்று அப்போது முடிவு செய்யலாம்.