புதுவை தந்த நண்பன்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மை விட்டுப் பிரிந்த நண்பனின் பெயரைச் சொல்லாமலேதான் பேசப்போகிறேன். இந்த உரை மலரில் வரும் என்றதும், "பேரெல்லாம் அச்சுல வேணாம்பா, அவனுக்கே புடிக்காது" என்று அவன் அம்மா சொல்லிவிட்டார்கள். யாரென்று உங்களுக்குத் தெரியும். உண்மைப் பெயரைச் சொன்னாலும் பாதிப் பேர் விழிப்பீர்கள் என்பது வேறு விஷயம்! ஹாஸ்டலில் வைத்த பட்டப்பெயர்தான் நான்கு வருஷமும் நிலைத்தது.

நான் கோவில்பட்டிக்காரன். 2008-ல் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைச்சாவடியில் வந்து இறங்கியபோது எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. அவன் முத்தியால்பேட்டை. எட்டயபுரம் எங்களுக்குப் பக்கம் என்று சொன்னதுதான் தாமதம், "உங்க ஊர்க்காரரை எங்க ஊருதாம்பா பத்து வருஷம் வெச்சிருந்துச்சு" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுக்குக் கூட்டிப்போனான். பாரதியார் வீட்டை வெளியில் நின்று பார்த்தோம்.

பாரதியார் 1908-ல் பிரெஞ்சுப் புதுவைக்கு வந்தார், 1918-ல் திரும்பினார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் இங்கே எழுதியவை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆனால் வருமானம் இல்லாத மனிதர் மனைவி, குழந்தைகளோடு எப்படிக் காலம் தள்ளினார், வாடகை யார் கொடுத்தது என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் நின்றுகொண்டு அவன்தான் சொன்னான். வீட்டுக்காரருக்கு விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பட்டப்பெயர். வாடகைக்காக வருவாராம். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருக்கும். உட்கார்ந்து கேட்டுவிட்டு, பணத்தைப் பற்றி வாயே திறக்காமல் எழுந்து போய்விடுவாராம். நண்பன் சொல்லும் கதைகளில் சொந்தச் சரக்கும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதால் நான் முழுசாக நம்பவில்லை. பிற்பாடு வ.ரா. எழுதிய வரலாற்றைப் படித்தபோது செட்டியார் விஷயம் சரிதான் என்று தெரிந்தது.

அவனுக்கு அதைவிடப் பிடித்தவர் குவளைக் கண்ணன். கிருஷ்ணமாச்சாரி என்பது பெயர். பாரதியாருக்குப் புதுவையில் கிடைத்த தோழர். பாரதி அறுபத்தாறில் இவர் புகழுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஜாதி பார்க்காமல் எல்லோரையும் சமமாக நடத்தியவர், யாழ்ப்பாணத்துச் சாமியைத் தம்மிடம் அழைத்து வந்தவர் என்று பாரதியார் நன்றியோடு சொல்கிறார். 1921-ல் திருவல்லிக்கேணி கோயில் யானை பாரதியாரைத் தள்ளியபோது, அதன் காலடியிலிருந்து அவரை மீட்டவரும் இந்தக் குவளைதான். அதே வருஷம் செப்டம்பரில் பாரதியார் காலமானார். இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். அப்போது தோள் கொடுத்தவர்களிலும் இவர் ஒருவர். "மத்தவங்க எல்லாம் பின்னாடி சிலை வெச்சாங்க. இவுரு அப்பவே கூட இருந்தாரு" என்பான் நம்மாள்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் புயல் புதிதல்ல. 1916 நவம்பரில் அடித்த புயலைப் பற்றிப் பாரதியாரே பாட்டு எழுதியிருக்கிறார். எங்கள் காலத்துப் புயலுக்குப் பெயர் தானே. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் ஏழெட்டுப் பேர் மாட்டிக்கொண்டோம். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. மறுநாள் மத்தியானம் ஈ.சி.ஆர். ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி, சைக்கிளைப் பாதி தூரம் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் தூக்குவாளி. ஒன்றில் புளிசாதம், ஒன்றில் கருவாட்டுக் குழம்பு. சைவக்காரர்கள் இருவர் இருந்தது அவனுக்கு நினைவிருந்திருக்கிறது பாருங்கள்!

அதுகூடப் பெரிதில்லை. அன்று அவன் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே முழுக்க ஃபியூஸ் கட்டைகள். அவன் தெருவில் ஓட்டு வீடுகளின் மீட்டர் போர்டுகளில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. திடீரென்று கரண்ட் வந்தால் ஈரச்சுவரைத் தொடுகிறவர் கதி என்ன? தனியாக இருக்கும் கிழவிகளுக்கு இது எப்படித் தெரியும்? ஆகவே அந்த வீடுகளில் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, அதில் பிளாஸ்திரி ஒட்டிக் கதவு எண்ணையும் எழுதிவிட்டான். "வீட்ல வெச்சா எவனாச்சும் எடுத்துக் குடுத்துருவான், அதான் கூடவே எடுத்தாந்தேன்" என்றான். கரண்ட் திரும்பிய பிறகு வீடு வீடாகப் போய், போர்டு காய்ந்ததா என்று பார்த்து, கருகிய ஒயரை மாற்றி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினான். அதற்குச் சில நாள் பிடித்தது. நான்கு வருஷம் எலெக்ட்ரிக்கல் படித்த எங்களில் வேறு யாருக்கும் அந்த யோசனை வரவில்லை.

சென்ற ஐப்பசியில் மாரடைப்பு. முப்பத்தைந்து வயது. அதைப் பற்றி மேலே பேச எனக்குத் தெம்பில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். விளக்கெண்ணெய்ச் செட்டியாரையும் குவளையையும் நமக்குத் தெரிகிறது என்றால், பழகியவர்கள் எழுதிவைத்ததால்தான். புதுவையில் சிறுமியாக இருந்து பாரதியாரைப் பார்த்த யதுகிரி அம்மாள் வளர்ந்த பின் எழுதிய நினைவுகள் இல்லையென்றால் எத்தனையோ விஷயம் போயிருக்கும். நம் நண்பன் மகளுக்கு இப்போது நான்கு வயது. அப்பா முகமே எவ்வளவு நாள் ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஃபியூஸ் கட்டை சமாசாரத்தை நான் எழுதிவிட்டேன். மீதிப் பக்கங்கள் உங்களுடையவை. தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பரில் அவன் வாங்கிய மார்க்கை மட்டும் தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள்.