ஒளியால் எழுதிய செப்புப் பலகை

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மின்சுற்றுப் பலகையை வீட்டிலேயே செய்வது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில வார்த்தை பேச வந்துள்ளேன். "விலைக்குக் கிடைக்கும் பொருளை வீட்டில் ஏன் செய்யவேண்டும்?" எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அக் கேள்விக்கு இறுதியில் விடை கூறுவேன்.

பழுதடைந்த வானொலிப் பெட்டியையோ கைத்தொலைபேசியையோ திறந்து பார்த்தோர், அதனுள்ளே பச்சை நிறப் பலகையொன்றைக் கண்டிருப்பர். முற்காலத்தில் உறுப்புகளைக் கம்பிகளாலே ஒவ்வொன்றாக இணைத்தனர். ஒஸ்திரியாவிற் பிறந்து 1936இல் இங்கிலாந்து சென்ற போல் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர், பலகைமீது ஒட்டிய செப்புத் தகட்டிலேயே மின்வழிகளை அமைக்கும் முறையை வகுத்தார். வேண்டாத செம்பை அரித்து நீக்கினால், எஞ்சி நிற்பதே மின் செல்லும் வழி. இன்றும் அதுவே அடிப்படை.

ஆனால் எச் செம்பை அரிப்பது, எச் செம்பைக் காப்பது? இங்கேதான் லேசர் துணைக்கு வருகிறது. 1960இல் அமெரிக்கரான தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964இல் காபனீரொட்சைட்டு வாயுவைக் கொண்டு லேசர் அமைத்தவர், இந்தியாவின் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல். மரத்தையும் தோலையும் வெட்டும் சிறு இயந்திரங்கள் பலவற்றில் இன்று இருப்பது அவ்வகை லேசர், அல்லது நீல ஒளி தரும் குறைகடத்தி லேசர். நான் பயன்படுத்தியது நண்பர் ஒருவரின் வீட்டிலுள்ள 5 உவாற்று நீல ஒளி லேசர்.

இவ்வொளி செம்பை வெட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். செம்பு ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஏற்ற வெப்பத்தையும் உடனே நாற்புறமும் பரப்பிவிடும். ஆதலால் செம்பின்மீது மினுக்கமில்லாத கறுப்பு வர்ணத்தை மெல்லியதாகப் பூசுகிறோம். கறுப்பு ஒளியை உண்ணும். லேசர் பட்ட இடத்தில் வர்ணம் எரிந்து போகும். அடியிலுள்ள செம்பு வெளிப்படும். பின்னர் பலகையைப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலில் இட்டு மெல்ல அசைத்தால், வெளிப்பட்ட செம்பு மட்டும் கரைந்துபோம். அதன் தடிப்பு பெரும்பாலும் 0.035 மில்லிமீற்றரே. இளஞ்சூடான கரைசலில் கால் மணி நேரமளவிற் காரியம் முடியும். எஞ்சிய வர்ணத்தை அசற்றோனால் துடைத்து, 0.8 மில்லிமீற்றர் ஊசியால் துளையிட்டு, உறுப்புகளை ஈயத்தாற் பற்றவைக்கலாம்.

சொல்வது எளிது. என் முதற் பலகை நகைப்புக்கிடமாயிற்று. மின்வழிகளின் படத்தை அப்படியே கணினியில் இட்டேன். லேசரும் பணிவுள்ள வேலையாள்போல அவ்வழிகளின்மீதிருந்த வர்ணத்தையே எரித்தது. கரைசலில் இட்டு எடுத்தபோது வழி இருக்கவேண்டிய இடமெல்லாம் வெளி. வெளி இருக்கவேண்டிய இடமெல்லாம் செம்பு! படத்தைக் கறுப்பு வெள்ளை மாற்றி இடவேண்டும் என்பதை அன்று கற்றேன். இரண்டாம் பலகையில் எரிந்த வர்ணத்தின் கரி மெல்லியதாய்ச் செம்பில் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவ்விடங்களில் செம்பு கரையவே இல்லை. மூன்றாம் முறை, எரித்தபின் மதுசாரத்தில் நனைத்த துணியாற் பொறுமையாகத் துடைத்தேன். சிறு விளக்கொன்றைச் சிமிட்டச் செய்யும் அப்பலகை வேலை செய்தது.

வாலிப அன்பர்களுக்கு எச்சரிக்கை ஒன்று. லேசர் ஒளி, தெறித்து வந்தாலும் கண்ணைக் கெடுக்கும். அவ்வொளிக்கென அமைந்த கண்ணாடியை அணியாமல் இயந்திரத்தை இயக்கலாகாது. வர்ணப் புகை வெளியேறவும் வழி வேண்டும். பலகையில் இருப்பது கண்ணாடி இழையாதலால், துளையிடும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடுதல் நன்று.

அன்று மாலை, வெற்றிக் களிப்போடு, பாவித்த கரைசலை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பலகை செய்தவனுக்கு அது வெறும் கழிவுநீராகவே தோன்றிற்று. திண்ணையில் இருந்த என் பேரனார் கேட்டார்:

"தம்பி, உதை எங்கை ஊத்தப் போறாய்?"

"வாழையடிக்கு, அப்பு."

"வாழையடித் தண்ணி எங்கை போகுது எண்டு தெரியுமோ? நாளைக்கு நாங்கள் அள்ளிக் குடிக்கிறது உதைத்தானே!"

நான் வாயடைத்து நின்றேன். நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கித் தங்குவதே நம் கிணறுகளின் ஊற்று. மேலே ஊற்றுவது கீழே சென்று சேர நெடுங்காலம் வேண்டியதில்லை. அக் கரைசலிலோ கரைந்த செம்பு இருந்தது. விஞ்ஞானம் பயிலும் நான் அறிந்திருந்தும் நினையாததை, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அவர் நினைத்தார்.

இப்போது அக் கரைசலைப் பிளாஸ்திக்குப் போத்தலில் அடைத்து, பெயரெழுதி, சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன். அதே கரைசல் பல பலகைகளுக்கு உதவும். அது வலுவிழந்தபின் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக இட்டால், செம்பும் இரும்பும் சேறாகப் படியும். அச் சேற்றைச் சீமெந்தோடு குழைத்து இறுகச் செய்யலாம். மேலே தெளியும் நீரையும் கிணற்றடியில் ஊற்றலாகாது.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு எழுதினால் என் பலகையிலும் திருத்தமான பலகை, குறைந்த செலவில் வந்து சேரும். அதை மறுக்கமாட்டேன். ஆயினும், விலைக்கு வாங்கிய பலகையின் கழிவு எவ்வூர்க் கிணற்றிற் சேர்ந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் கையாற் செய்தபோதுதான் அக் கேள்வி என் வீட்டு முற்றத்திற்கே வந்தது. ஒரு பொருளைச் செய்து பார்ப்பவன் அதன் பயனோடு அதன் பொறுப்பையும் அறிகிறான். வாலிபர்களே, ஒரு பலகையேனும் செய்து பாருங்கள். பெரியோர்களே, வாளியோடு நாங்கள் கிணற்றடிக்கு வரும்போது தடுத்துக் கேளுங்கள்.