நாவும் நித்திரையும்
(கொஸ்லந்தையில் நிகழ்த்திய பேச்சு)



கும்பகர்ணன் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வரம் கேட்க அவன் வாய் திறந்த வேளையில் சரஸ்வதி தேவி நாவிலே அமர்ந்துவிட்டாள். இந்திராசனம் கேட்க வந்தவன் நித்திராசனம் கேட்டான்! நாக்குப் பிசகியது, நித்திரை பிடித்துக்கொண்டது. இன்று நாம் பேச வந்ததும் நாக்கினால் நித்திரை கெடும் ஒரு நோயைப் பற்றித்தான்.

லயத்தில் வாழ்பவர்களுக்குக் குறட்டையை விளக்க வேண்டியதில்லை. ஒரு காம்பராவில் குறட்டை எழுந்தால் மூன்றாம் காம்பராவில் குழந்தை விழிக்கும். நம் லயத்துப் பெரியப்பா ஒருவர் தேயிலை ஸ்டோரில் இரவு வேலை பார்த்தவர். உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவார். பெரியவர்கள் சோம்பேறி என்று ஏசினார்கள். சிறுவர்களாகிய நாம் கும்பகர்ணன் என்று கூவி ஓடினோம். பெரியம்மா மட்டும் வேறொன்று சொல்லுவார்: "சத்தம் போட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு மூச்சே இருக்காது. நான் எந்திரிச்சுத் தட்டுனாத்தான் திணறி மூச்சு வாங்குவாரு." அதன் பொருள் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே நமக்கு விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

உறக்கத்திலே தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பாகம் பின்னே சரிந்து தொண்டையை அடைத்துவிடும். நெஞ்சு முயன்றும் காற்றுக்கு வழியில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை திடுக்கிட்டு அவரை எழுப்பும். மூச்சு 10 விநாடியாவது தடைப்பட்டால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 30 தடவையைத் தாண்டினால் நோய் கடுமையானது. இரத்த அழுத்தம் ஏறும், இருதயமும் பாதிக்கப்படும். ஹிந்திப் பட இசையமைப்பாளர் பப்பி லஹரி 2022 பெப்ரவரியில் மும்பாயில் தமது 69ஆம் வயதில் காலமானபோது, வைத்தியர்கள் காரணமாகச் சொன்னது இந்த நோயையே.

இதற்கு முதல் மருந்து காற்று. அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் வெளியிட்ட முறை அது. முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைப்பது. நல்ல பலன் தருகிறது. ஆனால் இரவு முழுவதும் முகமூடி அணியப் பலருக்குப் பொறுப்பதில்லை.

அத்தகையோருக்காக வந்ததே நரம்பைத் தூண்டும் கருவி. மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 சோடி நரம்புகளில் கடைசிச் சோடி நாக்கை அசைப்பது. சத்திரசிகிச்சை செய்து, காறை எலும்பின் கீழே தோலுக்குள் சிறு மின்கருவி ஒன்றைப் புதைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி அந்த நரம்புக்குச் செல்லும். மூச்சு இழுக்கும் தருணத்தில் மெல்லிய மின்துடிப்புப் பாய, நாக்கு முன்னே நகர்ந்து வழி விடும். படுக்கும்போது நோயாளியே விசையை அழுத்தி இயக்கலாம், காலையில் நிறுத்தலாம்.

2014இல் வெளியான ஆராய்ச்சியில் 126 பேருக்கு இதைப் பொருத்திப் பார்த்தார்கள். மணிக்கு 29 அளவில் இருந்த தடைகள் ஓராண்டில் 9 ஆயின. பலன் கண்டவர்களில் 23 பேருக்குக் கருவியை ஒரு வாரம் நிறுத்தினார்கள். தடை திரும்பி வந்தது. பலன் கருவியாலேதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு? அமெரிக்க அரசும் அவ்வாண்டிலேயே அனுமதித்தது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. உடல் மிகப் பருத்தவருக்கும், தொண்டை நாற்புறமும் சுருங்கி மூடுபவருக்கும் பயன் குறைவு. செலவோ பல்லாயிரம் டொலர். கொழுந்து பறிக்கும் கை எட்டும் தொகையன்று. ஆனால் நோயைக் கண்டறிய அந்தக் கருவி வேண்டியதில்லை. அருகில் படுப்பவர் மூச்சு நிற்பதைக் கவனித்து வைத்தியரிடம் சொன்னால் அதுவே ஆரம்பம். எடை குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், இரவில் சாராயத்தை விடுவதும் காசில்லாத வைத்தியம்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னோம். அடுத்த கிழமை பெரியப்பாவைப் பதுளைக்குக் கூட்டிப் போகிறார். இரவில் கண்டதை அவரே வைத்தியரிடம் சொல்லப் போகிறார். துணைக்கு நம்மில் இருவர் போகிறோம்.