கடாரத்தில் கட்டியவையும் படம் பிடித்தவையும்



மலேசியாவின் கெடா மாநிலத்தில் மனிதர்கள் என்னென்ன கட்டினார்கள், அவற்றில் எவற்றை நாம் படம் பிடித்து வைத்தோம் என்பதே இன்றைய என் பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடம் இடிவதைப் பல வேளைகளில் நம்மால் தடுக்க முடியாது. இடிந்த பிறகும் அது வரலாற்றில் நிற்க வேண்டுமென்றால் யாராவது அதை முன்பே பதிந்து வைத்திருக்க வேண்டும்.

1. நாகப்பட்டினத்துக் கோபுரம்

கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றதும் 1025-இல் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்புதான் நம் நினைவுக்கு வரும். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கடாரத்து அரசன் ஒருவன் தமிழ் மண்ணில் கட்டடம் கட்டினான் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஸ்ரீமாரவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எடுத்தான். இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு இதைச் சொல்கிறது.

விகாரம் இன்று இல்லை. அந்த நகரின் பௌத்தக் கட்டடங்களில் எஞ்சியிருந்த மூன்றடுக்குச் செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். ஆனால் 1846-இல் அதை நேரில் பார்த்த சர் வால்டர் எலியட், பின்னாளில் அதைப் பற்றி எழுதிப் படத்தோடு வெளியிட்டார். ஒருவர் பார்த்து எழுதியதால்தான் அந்தக் கோபுரத்தின் தோற்றம் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.

2. மெர்போக் சண்டி

கடலைக் கடந்து நம் பக்கம் வருவோம். ஜெராய் மலையடியில், மெர்போக்கில், புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயில் இருக்கிறது. குவாரிட்ச் வேல்ஸ் 1936-37-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் நடத்திய அகழாய்வில் இதைப் பதிவு செய்தார். 1959-60-இல் அலஸ்டர் லாம்ப் சிதறிக் கிடந்த கற்களை அடுக்கி மீண்டும் எழுப்பினார்.

அங்கே போகிறவர்கள் கல்மேடையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மண்டபப் பகுதியில் சற்றுக் குனிந்து பாருங்கள். தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் குழி வெட்டியிருப்பார்கள். அந்தக் குழியில் நின்ற மரத்தூணும் அதன் மேலிருந்த கூரையும் இந்த நாட்டு மழையில் மக்கிப்போயின. தூண் எங்கே நின்றது, கூரை எவ்வளவு தூரம் பரவியது என்று ஊகிக்க அந்தக் குழிகளே சான்று. கல் நிற்கும், பலகை போகும். கெடாவில் கட்டட வரலாறு பேசுகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது.

2013-இல் சுங்கை பத்து பகுதியில் பதினோராம் எண் சண்டியை வீடமைப்புத் திட்டத்துக்காக இடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி நூல் எழுதிய டத்தோ வீ. நடராஜன் அதை வெளியே கொண்டுவந்தார். நாடே கொதித்தது. நிலம் தனியாருடையது, இடம் அரசிதழில் பதிவாகவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடிபாட்டுக்கு ஆய்வாளர்கள் முன்பே ஓர் எண் கொடுத்திருந்தார்கள். எதைத் தொலைத்தோம் என்று சொல்ல முடிந்ததால்தான் நம்மால் கேள்வி கேட்க முடிந்தது.

3. எண் இல்லாத லயம்

இனி நம் ரப்பர் தோட்டங்களுக்கு வருவோம். சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டு 1936-இல் எழுந்தது. அலோர்ஸ்டார் ஜாஹிர் பள்ளிவாசல் 1912-இல் எழுந்தது. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடைக்கும். அதே காலத்தில் பீடோங்கிலும் கூலிமிலும் நம் பாட்டன்மார் குடியிருந்த லயங்கள் என்ற வரிசை வீடுகளுக்கு எத்தனை படம் இருக்கிறது?

இருக்கும் படங்களிலும் லயம் பின்னணியில்தான் நிற்கிறது. பழைய திருமணப் படம் ஒன்றைச் சொல்கிறேன். மணமக்கள் மாலையோடு நிற்கிறார்கள். பின்னால் நெடுக்குப் பலகைச் சுவர். கதவுக்கு மேலே வெள்ளைச் சாயத்தில் வீட்டு எண், பாதி மாலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வீட்டு முன்நடையான அஞ்சடியின் ஓரத்தில், வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பும் இரண்டு வாளியும் சாத்தி வைத்திருக்கிறார்கள். படம் பிடித்தவர் அவற்றை எடுக்க நினைக்கவில்லை. இன்று அந்தப் படத்தில் எனக்குப் பாடம் சொல்பவை அவைதாம். அஞ்சடியின் அகலம், பலகையின் போக்கு, பால்மரத்துக் கருவிகளை வைத்த இடம் எல்லாம் அதில் தெரிகின்றன.

துரை பங்களாவுக்குப் படம் உண்டு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் உண்டு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களம், குழந்தைகளை விடும் ஆயாக் கொட்டகை, ரப்பர் உலர்த்தும் புகை வீடு, பொதுக்குழாய், கள்ளுக்கடை இவற்றுக்கு அநேகமாக இல்லை. 1947-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக எழுந்தது. அந்த வரலாற்றைப் படிக்கிற மாணவனுக்கு ஒரு தோட்டத்துக் கள்ளுக்கடை எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் லயங்கள் கைமாறின. அந்தத் துண்டாடலைத் தடுக்க அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. ஹார்வர்ட் என்ற பெயரில் இன்று கோல்ப் திடலும் இருக்கிறது, தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. பல ஊர்களில் பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பது பள்ளியின் பெயர்ப்பலகை மட்டுமே.

லயத்தைப் போற்ற வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம் முடங்கிய இடம் அது. பக்கத்து வீட்டு இருமல் பலகைச் சுவர் தாண்டிக் கேட்கும். கடந்து வந்துவிட்டோம், விட்டுவிடலாமே என்கிறார்கள். போற்றுவது வேறு, பதிவது வேறு. அந்த நெருக்கடி எவ்வளவு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லவாவது அறையின் அளவு வேண்டும். நம் வாய்ச்சொல் காலப்போக்கில் புலம்பலாகத் தோன்றும். பத்தடிக்கு இத்தனை அடி என்று எழுதி வைத்தால் யாராலும் மறுக்க முடியாது.

4. செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். கைப்பேசி, அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மிஞ்சியிருக்கும் லயத்தையோ புகை வீட்டையோ நான்கு பக்கமும், உள்ளேயும் எடுங்கள். ஆள் இல்லாமல் ஒரு படம், அங்கே வாழ்ந்தவரை வாசலில் நிறுத்தி ஒரு படம். நீளம், அகலம், உயரம் அளந்து தரைப்படம் வரையுங்கள். சுவர் பலகையா கல்லா, கூரை அத்தாப்பு ஓலையா தகரமா, எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, தேதி இல்லாத படம் பத்து ஆண்டில் யாருக்கும் பயன்படாது. வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறம், உங்கள் அம்மாவும் பெரியப்பாவும் இருக்கும்போதே, யார், எங்கே என்று பென்சிலால் எழுதி வையுங்கள். கட்டடம் யாருடைய நிலத்தில் இருக்கிறதோ அவரிடம் அனுமதி கேட்டுச் செல்லுங்கள்.

தோட்டப் பெயர் தாங்கிய ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் தோட்டத்துக்கென ஒரு தொகுப்பைத் தொடங்க வேண்டும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும் என்பதே இந்த மேடையிலிருந்து நான் வைக்கும் வேண்டுகோள். ஆறாம் ஆண்டு மாணவர்களால் செய்ய முடிந்த வேலைதான் இது. வேல்ஸும் லாம்பும் எலியட்டும் வெளியிலிருந்து வந்து நமக்காக எழுதினார்கள். நம் லயங்களை அளக்க அப்படி யாரும் வரப்போவதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும். வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குங்கள்.