இரண்டு மீற்றரில் ஒரு பழைய மாதிரிப் பாவாடை



வால்தம்ஸ்டோ சந்தைக்கு மரக்கறி வாங்கப் போய், பூப்போட்ட பருத்தித் துணியுடன் திரும்பி வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். 1885ஆம் ஆண்டிலிருந்து நடக்கிற, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான சந்தை அது. அந்தத் துணியில் 1950களின் மாதிரியில், இடுப்பில் சிக்கென்றும் கீழே விரிந்தும் நிற்கும் ஒரு பாவாடை தைப்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கலியாண வீட்டுக்கு அல்ல, வேலைக்கும் கடைக்கும் உடுத்துவதற்கு.

அந்த மாதிரி வந்த கதை சுவையானது. பிரித்தானியாவில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உடுப்புக்குக் கூப்பன் முறை இருந்தது. துணியை மிச்சம் பிடித்து, ஒடுக்கமாகத் தைத்த காலம். அதற்கிடையில் 1947 பெப்ரவரியில் பாரிசில் கிறிஸ்ரியன் டியோர் துணியை அள்ளிக் கொட்டிய விரிந்த பாவாடைகளைக் காட்டினார். கூப்பன் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்!

நானும் அந்த ஆசையில்தான் பிழை விட்டேன். அம்மாவின் பழைய வாயில் சாறி ஒன்றை எடுத்து, முழு வட்டமாக வெட்டினேன். சுற்றுவிளிம்பு ஐந்து யாருக்கு மேல் வந்தது. கண்ணாடிக்கு முன்னால் நல்ல வடிவு. வால்தம்ஸ்டோ சென்ரல் பஸ் தரிப்பிடத்தில் காற்று அடித்தபோது ஒரு கையில் சாமான் பை, மறு கையில் பாவாடை. அதைவிட மனவருத்தம் சாறியின் கரைதான். வளைந்த விளிம்புக்கு நேர்க்கரை உதவாது. அது துண்டு துண்டாகிப் போயிற்று. வெட்டியதைத் திரும்பச் சாறியாக்க முடியுமா?

தினமும் உடுக்க அரை வட்டம் போதும். விளிம்பு மூன்று யார்தான் வரும். நடக்கும்போது ஆடும், காற்றுக்குப் பறக்காது. கணக்கைச் சொல்கிறேன், பென்சில் எடுங்கள். இடுப்பு 30 அங்குலம் என்றால் மூட்டுக்கு ஒன்று சேர்த்து 31. அதை 3.14ஆல் பிரித்தால் பத்துக்குச் சற்றுக் குறைவு. இதுதான் தையல் கோடு. வெட்டுவது அதற்கு அரை அங்குலம் மேலே, ஒன்பதரையில். நீளம் 25, மடிப்புக்கு ஒன்று. ஆக மொத்தம் 36 அங்குலம்.

45 அங்குல அகலத் துணியில் இரண்டு மீற்றர் வாங்கி, நீளத்தில் பாதியாக மடியுங்கள். மடிப்பும் துணிக்கரையும் சந்திக்கும் மூலையில் அளவு நாடாவின் நுனியைப் பிடித்து, ஒன்பதரையிலும் 36இலும் கால் வட்டம் கீறி வெட்டுங்கள். மறு கரையோரம் மிஞ்சும் ஒன்பது அங்குலத் துண்டில் இடுப்புப் பட்டி வந்துவிடும். பட்டிக்குள் கன்வஸ் வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் சுருண்டு போகும். பின்பக்கம் ஒரே மூட்டு, அதிலேயே சிப். ஒன்று கவனம்: இப்படி வெட்டினால் முன்பக்கத்தில் துணி குறுக்காக வரும். ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும் பூக்கள் படுத்துவிடும். எல்லாப் பக்கமும் சிதறிய பூக்களையே தேடுங்கள்.

அந்தப் பூச்சீத்தையை ஆங்கிலேயரின் பழைய பாணி என்று நினைக்கிறோம். ஆனால் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணிக்கு இங்கே இருந்த மோகத்தைத் தாங்கமாட்டாமல், உள்ளூர் நெசவாளருக்காக 1721இல் அச்சிட்ட பருத்தி உடுக்கத் தடைச் சட்டமே போட்டார்கள். 1774 வரை அது நீங்கவில்லை.

பட்டி தைத்த உடனே விளிம்பை மடிக்க வேண்டாம். ஒரு நாள் கொழுவி விடுங்கள். குறுக்கிழை விழும் இரு பக்கங்களும் இறங்கும். பிறகு உடுத்துக்கொண்டு, இன்னொருவரைக் கொண்டு நிலத்திலிருந்து அளப்பித்து, சமமாக வெட்டி ஒடுக்கமாக மடியுங்கள்.

கரை வைத்த சாறி கையில் இருந்தால் வட்டம் வேண்டவே வேண்டாம். இரண்டரை யார் நேர்த்துண்டு எடுத்து, கரை கீழே வர, இடுப்பில் சுருக்குப் பிடியுங்கள். 1950களில் இங்கத்தைய பெண்களும் அப்படிச் சுருக்கிய பாவாடை உடுத்தார்கள். நாங்கள் சின்ன வயதில் போட்ட பாவாடையும் அதுதானே. இரண்டாவது சாறியை நான் அப்படித்தான் தைத்தேன், கரை முழுதாக இருக்கிறது.